பத்திரம்மாவும் பச்சை விளக்குப் பெட்டியும்

டொக். டொக். டொக். டப்.

அந்த ‘டப்’பில் பெட்ரிசியா நின்றுவிடுகிறார். நுனியில் சின்ன இரும்புக் குண்டு வைத்த நீட்டுக் கம்பியால் அதே டைல்ஸை இன்னொரு முறை தட்டுகிறார். மறுபடியும் ‘டப்’. தலைக்கவசத்தைப் பின்னுக்குத் தள்ளிக் காதைச் சாய்த்து, நோயாளியின் நெஞ்சில் எதையோ கேட்டுவிட்ட டாக்டரைப் போல முகத்தை வைத்துக்கொள்கிறார். பின்னாலேயே வந்துகொண்டிருந்த கண்ட்ராக்டர் மணியத்துக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் தன் நெஞ்சுக்குள்ளேயே ‘டப்’ என்கிறது.

“இதுக்குக் கீழ காத்துதான் இருக்கு அண்ணே. சிமெண்டு இல்ல.”

“பார்வைக்கு நல்லாத்தானே இருக்கு, தங்கச்சி.”

“பார்வைக்கு நானும்தான் நல்லா இருக்கேன். மூட்டு வலி உள்ள இருக்கு. ஒடைச்சுட்டு மறுபடியும் ஒட்டச் சொல்லுங்க.”

காரியம் ஆக வேண்டுமென்றால் மணியத்துக்கு அவர் ‘தங்கச்சி’. கோபம் வந்துவிட்டால் ‘மேடம்’. கார் கிளம்பிப் போன பிறகு என்ன சொல்லுவார் என்பது வேலையிடத்தில் இருக்கும் பங்களாதேஷ் கொத்தனார்களுக்கு மட்டும்தான் தெரியும். அவர்களுக்குத் தமிழ் புரியாது என்று மணியம் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்.

பெட்ரிசியா கட்டட சர்வேயர். சிரம்பானில் ஒரு கடைவீட்டு மாடியில் அலுவலகம் உண்டு. அங்கே அவரைப் பார்த்தவர்கள் குறைவு. ரந்தாவ், போர்டிக்சன், கோலா கிளாவாங் என்று செம்பனைக்கு நடுவே எங்கே ஒரு சுவர் எழும்பினாலும் அவருடைய சிவப்பு மைவி கார் புழுதியோடு போய் நிற்கும். அனுமதி பெற்ற வரைபடத்தில் என்ன இருக்கிறது, தரையில் என்ன முளைக்கிறது என்று அடித்தளம் முதல் கூரைவரை ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் வேலை. இரண்டும் முறைத்துக்கொள்ளும் இடத்தில், ‘இது சட்டத்துக்கு ஆகாது, இப்படிச் செய்தால் ஆகும்’ என்று யோசனை சொல்வதும் அவரே. கட்டி முடித்த பிறகு சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவர் என்னவோ ஆர்க்கிடெக்ட்தான். ஆனால் பெட்ரிசியா தலையசைக்காமல் அந்த மனிதர் பேனா மூடியைக்கூடக் கழற்ற மாட்டார்.

தோட்டத்து மக்களுக்கு இந்த வித்தியாசமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. சர்வேயர் என்றால் நிலம் அளக்கிறவர், அவ்வளவுதான். பெட்ரிசியா காரைவிட்டு இறங்கினால் போதும், யாராவது ஒரு வேலித் தகராறோடு வந்து நிற்பார்கள். “பக்கத்து வூட்டுக்காரன் வாழ மரத்த நம்ம பக்கம் நட்டுட்டான், கொஞ்சம் அளந்து சொல்லிட்டுப் போங்கமா.” ஒருமுறை ஓர் அம்மாள் அவரை நாற்காலி போட்டு உட்காரவைத்து, தான் என்ன சோப்புப் போட்டுக் குளிக்கிறார், துணிக்கு என்ன தூள் போடுகிறார் என்று கேட்காமலேயே ஒப்பித்துவிட்டு, “போன தடவ சர்வே எடுக்க வந்த புள்ள ஒரு வாளி குடுத்துச்சு. நீங்க ஒண்ணும் குடுக்கலியா?” என்று கேட்டார். மறுவாரம் பெட்ரிசியா ஒரு வாளி வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். மனசு அப்படி.

பெயரும் தப்பவில்லை. பெட்ரிசியா என்பது தோட்டத்து நாக்குகளில் பத்திரிசியாவாகி, தேய்ந்து தேய்ந்து ‘பத்திரம்மா’ என்று வந்து நின்றுவிட்டது. சாரத்தில் ஏறுகிறவனிடம் “பத்திரம்”, ஈரத் தரையில் ஓடும் குழந்தையிடம் “பத்திரம்”, தொலைபேசியை வைக்கும்போதுகூட “சரி, பத்திரம்” என்று சொல்கிறவருக்கு, ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாரே இவ்வளவு பொருத்தமான பெயரை வைக்கவில்லை.

புதுக் கட்டடத்துக்குள் நுழைந்தால் அவர் முதலில் தேடுவது குளியலறையை. ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று கைகட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார். கண்ட்ராக்டர் ஆயிரம் சமாதானம் சொன்னாலும் காதில் விழாது. “தண்ணிக்கு யாரும் காப்பிக் காசு குடுத்துச் சரிக்கட்ட முடியாது லா” என்பார். இதனாலேயே கிரகப்பிரவேசத்துக்கு அவரை அழைக்க உறவினர்களுக்குப் பயம். “பத்திரம்மா வந்தா பால் பொங்கறதுக்கு முன்ன பாத்ரூம் பொங்கிரும்” என்று ஒரு பேச்சே உண்டு. ஞாயிறு பூசையில் ஊரே கண்ணை மூடி மன்றாடும்போது அவர் கண் மட்டும் கூரையில் இருக்கும். பூசை முடிந்ததும், பாவசங்கீர்த்தனம் செய்கிறவரைப் போல பாதிரியாரை ஓரமாக அழைத்துப்போய், எந்த மூலையில் மழைநீர் இறங்குகிறது என்பதைக் காதோடு சொல்லிவிட்டு வருவார்.

கணவர் மைக்கல்ராஜுக்கு இதைப் பற்றிச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. சந்தர்ப்பம் இல்லாவிட்டாலும் சொல்லுவார். “கல்யாணம் முடிஞ்சு எங்க வூட்டுக்கு மொத மொதல்ல வலது கால எடுத்து வச்சா. வச்சவ அடுத்த கால எடுத்து வைக்கல. ‘இந்தப் படி மத்த படிய விட ஒசரமா இருக்கே’ன்னா. எங்கம்மா ஆரத்தித் தட்டோட நின்னுக்கிட்டே இருக்காங்க. கற்பூரமே அணைஞ்சு போச்சு.”

இப்படிப் படியையும் தண்ணீரையும் பணியவைத்த பெட்ரிசியா, இந்த வருஷம் ஒரே ஒரு சொல்லிடம் மாட்டிக்கொண்டு விழித்தார்.

ரந்தாவைத் தாண்டி உள்ளே போனால் வெள்ளைமண் தோட்டம். அங்கே மாரியம்மன் கோயிலை ஒட்டி ஒரு மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. கட்டுகிறவர் மணியம், கண்காணிக்கிறவர் பெட்ரிசியா. முதல் கல்யாணம், பஞ்சாலை என்ற தோட்டத்து அம்மாளின் மகள் திலகாவுக்கு என்று முடிவாகி இருந்தது. பஞ்சாலை, கணவர் போன பிறகு நாற்றங்காலில் செம்பனைக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றியே மகளை ஆளாக்கியவர். தமிழ்ப்பள்ளியில் பெட்ரிசியாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். மகள் கல்யாணத்தை வேறெங்கோ பட்டணத்து ஹாலில் வைக்காமல், தன் வீட்டு வாசலிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் ஊரே பார்க்க நடத்த வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. அழைப்பிதழ் அடித்து எல்லாருக்கும் கொடுத்தாகிவிட்டது. மண்டபத்துக்குச் சான்றிதழ் வந்தால்தான் மேளம் கொட்டலாம். சான்றிதழுக்கு முன்னால் தீயணைப்புத் துறையினர், ஊர் வாயில் சொன்னால் பொம்பா, வெள்ளிக்கிழமை வந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

வரைபடத்தில் மேடை தெற்குச் சுவரோரம் இருந்தது. மணமக்கள் கிழக்கே பார்த்துத்தான் உட்கார வேண்டும் என்று கோயில் செயற்குழு அதை மேற்குச் சுவரோரத்துக்கு மாற்றிவிட்டது. மேற்குச் சுவரில் இருந்தது ஆபத்து நேரத்தில் வெளியேறும் இரண்டாவது கதவு. பெட்ரிசியா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, கதவுக்கும் மேடைக்கும் நடுவே தாராளமாக ஆள் நடக்க இடம் விட்டு மேடையை முன்னால் இழுக்கவைத்தார். மணவறைக்குப் பின்னால் திரை கட்டக் கூடாது, கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், மேலே பச்சை விளக்குப் பெட்டி எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்றும் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். “பொகையில கண்ணு தெரியாம ஓடி வர்ற ஆளுக்கும் சட்டுனு புரியணும்” என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவைத்தார்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார் செயற்குழுச் செயலாளர் புவனேஸ்வரன். லாரி கம்பெனியில் வேலை, கல்யாணங்களுக்கு வாழ்த்துமடல் எழுதுவது மூச்சு. மலாயில் ‘கெலுவார்’ என்று மட்டும் இருந்தால் நம் ஜனத்துக்கு எப்படிப் புரியும் என்று, சிரம்பான் கடையில் சொல்லி, தமிழும் சேர்த்துப் பெரிய பெட்டியாகவே செய்துகொண்டு வந்து மாட்டிவிட்டார்.

திங்கட்கிழமை மாப்பிள்ளையின் தாயார் மயிலம்மாள் போர்டிக்சனிலிருந்து உறவினர்களோடு மண்டபம் பார்க்க வந்தார். கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. முகத்தில் சிரிப்பு. உள்ளே இரண்டடி வைத்தவர், மேடையைப் பார்த்தார். மணமக்கள் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே, பச்சையாக, பளபளவென்று எரிந்துகொண்டிருந்தது:

வெளியேறு.

அன்றைக்குப் பெட்ரிசியா கோலா கிளாவாங்கில் ஒரு பள்ளிக்கூடத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொலைபேசியில் பஞ்சாலையின் குரல் அழுதுகொண்டே வந்தது.

“ஏய் பெத்தி, சம்பந்தியம்மா தட்ட அப்படியே தூக்கிக்கிட்டு கார்ல ஏறிட்டாங்கடி. ‘மருமவள அழைச்சுட்டுப் போக வந்தா வெளியேறுன்னு லைட்டு போட்டுக் காட்டறீங்களா, அந்த எழுத்துக்குக் கீழ எம்மவன் தாலி கட்டமாட்டான்’னுட்டாங்க. கேட்டா நீதான் போடச் சொன்னியாம்ல. எம்மவ கல்யாணத்துக்கு வந்த சனிக்கு ஹெல்மெட்டு மாட்டி அனுப்பியிருக்கான் ஆண்டவன்.”

“நான் லைட்டு போடத்தான் சொன்னேன் பஞ்சா. அழுவாத. நாளைக்கு வரேன்.”

மறுநாள் மண்டபத்தில், சிமெண்டு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து கூட்டம் நடந்தது. பெட்டியைக் கழற்றிவிடலாம் என்றார் ஒருவர். கழற்றினால் வெள்ளிக்கிழமை பொம்பா திரும்பிப் போய்விடும், சான்றிதழும் அதோடு போகும் என்றார் பெட்ரிசியா. சரி, தமிழை மட்டும் மறைத்துவிடுவோம், சட்டத்துக்கு மலாய் ஒன்றே போதும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் புவனேஸ்வரன் எழுந்துவிட்டார்.

“இந்தத் தோட்டத்துல தமிழுக்குன்னு லைட்டு எரியறது இந்த ஒரு பெட்டியிலதான் மேடம். அதையும் அணைக்கச் சொல்றீங்களா? அப்படின்னா என் ராஜினாமாவ இப்பவே வாங்கிக்குங்க. வெளியேறு. நல்ல தமிழ். என்ன குத்தம் அதுல?”

“குத்தம் தமிழ்ல இல்லண்ணே. அது மாப்பிள்ள தலைக்கு மேல இருக்கு பாருங்க, அதான்.”

“அப்ப வேற சொல்லு போடுவோம்” என்றார் மணியம். “நம்மாளுங்க யாரு போறேன்னு சொல்லுவாங்க? போயிட்டு வரேன்னுதானே சொல்லுவோம். ‘சென்று வருக’ன்னு போடுங்க. மங்களகரமா இருக்கும்.”

எல்லாரும் தலையாட்டினார்கள். புவனேஸ்வரன்கூட ஆட்டினார். பெட்ரிசியா மட்டும் ஆட்டவில்லை.

“தீ புடிச்சு எரியுது. உசுர கையில புடிச்சுக்கிட்டு ஒருத்தன் வெளிய ஓடறான். அவனப் போய் ஏன் அண்ணே திரும்பி வரச் சொல்றீங்க? போனவன் திரும்பி உள்ள வரக்கூடாதுங்கறதுதானே சட்டமே.”

“மரியாதைக்குச் சொல்றது தங்கச்சி.”

“நெருப்பு மரியாதை பாக்காது.”

‘அவசர வாசல்’ என்றார் ஒரு செயற்குழு உறுப்பினர். பஞ்சாலை அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “அவசரம்னு லைட்டு போட்டா எங்க மாமா மாதிரி ஆளுங்கல்லாம் வேட்டியப் புடிச்சுக்கிட்டு மணவறைக்குப் பின்னால வரிசையில நிப்பாங்க.” ‘தப்பிக்கும் வாசல்’ என்றார் இன்னொருவர். மாப்பிள்ளை தலைக்கு மேலேயா என்று கேட்க ஆள் தேவைப்படவில்லை. சொன்னவரே சிரித்து உட்கார்ந்துவிட்டார். ‘பின்வாசல்’ என்பதை மணியமே தள்ளினார். “வெளியேறுக்கே தட்டத் தூக்குன அம்மா, பின்வாசல்னு பாத்தா காரையே ஏத்திருவாங்க.”

பெட்ரிசியாவுக்கு உள்ளூரக் கலக்கம். பிழையான கதவு என்றால் இடித்து மாற்றச் சொல்லலாம். கோணலான சுவர் என்றால் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுக் காட்டலாம். ஒரு சொல் கோணலாக இருந்தால் அதை எந்தக் குண்டைக் கட்டித் தொங்கவிடுவது? சட்டப் புத்தகத்தில் எழுத்தின் உயரம் இருக்கிறது, விளக்கின் வெளிச்சம் இருக்கிறது. சம்பந்தியம்மாளின் மனசைப் பற்றி ஒரு வரி இல்லை.

“ஏறு கார்ல” என்றார் பஞ்சாலையிடம். “போர்டிக்சன் போவோம்.”

மயிலம்மாள் இருந்தது அடுக்குமாடி வீட்டின் நான்காம் மாடி. கோபமாகத்தான் கதவைத் திறந்தார். ஆனாலும், “பசியாறிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டார். நம் வீட்டுப் பெண்களுக்குச் சண்டை போடுவதென்றாலும் எதிராளி சாப்பிட்டிருக்க வேண்டும்.

பெட்ரிசியாவின் கண் தட்டில் நிற்கவில்லை. வாசலில் இரும்புக் கிராதி, அதில் பெரிய பூட்டு. சாவியோ சமையலறையில், எரியும் அடுப்புக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கியது. அவர் பார்வை பூட்டுக்கும் ஆணிக்குமாக அலைந்தது. வாய் திறக்கப் போன நேரத்தில் பஞ்சாலை மேசைக்கு அடியில் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். பெட்ரிசியா தோசையை விழுங்கினார். அதோடு அந்த வார்த்தையையும்.

“தப்பா நெனைக்காதீங்கம்மா” என்று வேறு வார்த்தையை எடுத்தார். “அது உங்களச் சொன்னதில்ல. தீ புடிச்சா ஆளுங்க போறதுக்கு வச்சது.”

“எனக்கு அது தெரியாதா? ஆர்மி கேம்ப்பு கேண்டீன்ல சமைக்கிறவ நான். அந்தப் பச்ச லைட்ட தெனமும் பாக்கறேன்.” மயிலம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். “அங்க மலாய்ல இருக்கும். எனக்கு மலாய் படிக்க வராது, அதனால வலிக்காது. நாங்க இருந்த தோட்டத்த வித்தப்போ, லயத்துக் கதவு ஒவ்வொண்ணுலயும் கம்பெனிக்காரன் மூணு மொழியில தாள் ஒட்டிட்டுப் போனான். எனக்குத் தெரிஞ்சது தமிழ். இத்தனாம் தேதிக்குள்ள வெளியேறு. எங்க வூட்டுக்காரரு அத ரெண்டு மொற படிச்சாரு. அப்பறம் கதவத் தொறக்காம வாசல்லயே உக்காந்துட்டாரு. எம்மவன் அப்ப கைப்புள்ள. இன்னிக்கி அவன் மாலையும் கழுத்துமா உக்காரப் போற எடத்துல அதே எழுத்து. நான் எப்படிமா கீழ நின்னு அரிசி போடுவேன்?”

கல்லில் தோசை கருகியது. யாரும் எழுந்து திருப்பவில்லை. பஞ்சாலை மூக்கை உறிஞ்சினார். பெட்ரிசியாவும் கைக்குட்டையைத் தேடினார்.

பிறகு பெட்ரிசியா கேட்டார். ஆறுதலுக்காகக் கேட்கவில்லை, தொழில் புத்தி, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“அந்தத் தாள்ல வேற என்ன எழுதியிருந்தா தேவலாம்னு இருந்திருக்கும்மா உங்களுக்கு?”

மயிலம்மாள் யோசித்தார். இதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது.

“போன்னு சொன்னானே தவிர, எங்க போறதுன்னு ஒருத்தன் சொல்லலியே. வழி என்னான்னு எழுதியிருக்கலாம்ல.”

பெட்ரிசியா எச்சில் கையோடு எழுந்து நின்றுவிட்டார்.

“வழி” என்றார்.

“என்னாது?”

“அவ்வளவுதான்மா. ‘வழி’ன்னு மட்டும் போட்டு, ஒரு அம்புக்குறி. யாரையும் போன்னும் சொல்லல, வான்னும் சொல்லல. பொகையில ஓடி வர்றவனுக்கும் வேண்டியது அது ஒண்ணுதான். அந்த எழுத்துக்குக் கீழ நிப்பீங்களா?”

மயிலம்மாள் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பஞ்சாலை இரண்டு கைகளையும் இறுகக் கோத்துக்கொண்டு அவர் உதட்டையே பார்த்தார். பெற்ற வயிறு அல்லவா, உலகமே அந்த உதட்டில் தொங்கியது.

“நிப்பேன்” என்றார் மயிலம்மாள். பிறகு பெட்ரிசியாவைப் பார்த்து, “இப்ப அதச் சொல்லிருங்க” என்றார்.

“எத?”

“வந்ததுலேருந்து பூட்டையும் ஆணியையும் மாத்தி மாத்திப் பாக்கறீங்களே, அத. இல்லன்னா தோசை செரிக்காது உங்களுக்கு.”

பஞ்சாலையின் கிள்ளலுக்கு இனி அதிகாரம் இல்லை. பெட்ரிசியா சொன்னார். சாவி வாசலோரத்துக்கு இடம் மாறியது.

புவனேஸ்வரனுக்கு மட்டும் குறை. “ரெண்டே எழுத்துக்கு இவ்வளவு பெரிய பெட்டியா?” என்று மிச்ச இடத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். மங்கலம் பொங்க என்று ஓர் அடைமொழியாவது முன்னால் சேர்க்கலாமா என்று கெஞ்சினார். “ஓடறவன் நின்னு கவித படிக்க மாட்டான்ணே” என்று பெட்ரிசியா கடையில் தானே நின்று எழுத்தை வெட்டவைத்தார்.

வெள்ளிக்கிழமை வந்த பொம்பா அதிகாரி எல்லாவற்றையும் பார்த்தார். கதவைத் தள்ளினார், தண்ணீர்க் குழாயை இழுத்தார், கடைசியில் பச்சைப் பெட்டிக்குக் கீழே வந்து நின்று, கெலுவாருக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். பதற்றத்தில் மணியம் முந்திக்கொண்டு, “ஜாலான், துவான்” என்றார். மலாயில் அது வழியும்தான், சாலையும்தான். ஜாலானா, சுவருக்கு அந்தப் பக்கம் ரோடு போகிறதா என்று அதிகாரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். வெளியே கோயில் ஆடு ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. வெளியே போகிற வழி என்று பெட்ரிசியா மலாயில் விளக்கினார். அவர் ஆட்டையும் எழுத்தையும் பார்த்து, நல்ல சொல்தான் என்று சிரித்தார். மணியத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சான்றிதழ் வந்தது. கல்யாண நாளும் வந்தது.

பெட்ரிசியா அரக்குப் பட்டுப் புடவையில் வந்திருந்தார். மைக்கல்ராஜ் முன்வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தும் அங்கே போகவில்லை. மணவறைக்குப் பின்னால், அந்த இரண்டாவது கதவோரம் நின்றுகொண்டார். கூப்பிட்டவர்களிடம், “இங்க காத்து நல்லா வருது லா” என்றார். பஞ்சாலை மேடையில் மகளுக்குப் பின்னால் நின்று, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்துகொண்டிருந்தார். மயிலம்மாள் பச்சை விளக்குக்கு நேர் கீழே, மகன் தோளைத் தொட்டபடி நின்றார். ஒருமுறை தலையைத் தூக்கி மேலே பார்த்தார். பிறகு பார்க்கவில்லை.

கெட்டிமேளம் கொட்டியது. மண்டபமே எழுந்து மஞ்சள் அரிசியை வாரி இறைத்தது. நாதஸ்வரமும் குலவையும் கூரையைத் தொட, திலகா தலை குனிந்தாள், தாலி ஏறியது. பெட்ரிசியாவும் கை நிறைய அரிசியைத் தலைக்கு மேல் தூக்கி வீசினார். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

முன்னாலிருந்து எறிந்தவர்களின் அரிசியில் பாதி மணமக்களைத் தாண்டி வந்து, கதவுக்கு முன்னால் பளபளக்கும் தரையில் சிதறிக் கிடந்தது. பெட்ரிசியா அதைப் பார்த்தார். சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு பட்டுப் புடவையைக் கணுக்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, யார் காலும் வழுக்கிவிடாதபடி அந்த அரிசி முழுவதையும் இரண்டு கையாலும் கூட்டி அள்ளினார். அள்ளியதை எங்கே போடுவது? எழுந்தார். மேளம் இன்னும் நிற்கவில்லை. இரண்டு கையும் நிறைந்திருந்த அரிசியை மணமக்கள் தலையில் மறுபடியும் போட்டார்.